முடிவு, பெயர்ச்சொல்

கே.கே.எஸ். வீதி, கொக்குவில் சந்திக்குக் கிட்ட
கொமினிக்கேசன் கடைக்கு மேல்மாடி.
செவ்வாய், வியாழன், ஐந்தரைக்கு வகுப்பு.
ஃபானுக்கு மூன்று இலை, ஒன்று வளைந்தது.
இன்றைக்குப் பாடம்:
கஷ்டமான முடிவுகளைப் பற்றிப் பேச
இருபத்திரண்டு சொற்கள்.
போட்டோக்கொப்பியில் கடைசி நாலும்
மைக்குள் மூழ்கிப்போய்விட்டன.

வினுஷா மிஸ் என்னைவிட ஒன்பது வயது இளமை.
"மேக் எ டிசிஷன்" என்று பலகையில் எழுதினா.
வெள்ளைக்காரன் முடிவைச் செய்கிறானாம்,
பலகாரம் போல், மா குழைத்து.
நாங்கள் எடுக்கிறோம்.
எடுப்பதென்றால் ஆரோ முன்னமே
அங்கே வைத்திருக்க வேண்டும்.
வைத்தவர்களை என் கலியாண எழுத்துப் படத்தில் பார்க்கலாம்,
இரண்டாம் வரிசை முழுக்க.

அடுத்தது, வேலியில் இருத்தல்.
இந்தப் பக்கமும் இல்லை அந்தப் பக்கமும் இல்லை
என்று மிஸ் விளக்க
வகுப்பே சிரித்தது.
கிளுவை முள்ளில் எவன் இருப்பான்?
இங்கே வேலியில் ஏறுகிறவன் இல்லை,
வேலிக்காகக் கோர்ட்டு ஏறுகிறவன்தான்,
அரை அடிக்கு இருபது வருடம்.
கொறற்ரி அக்கா கேட்டா:
"ஆரின்ர வேலி, மிஸ்?"

அதுக்குப் பிறகு
துவக்குச் சன்னத்தைப் பல்லால் கடித்தல்.
ஒருத்தரும் சிரிக்கவில்லை.
கொறற்ரி அக்கா இடது முழங்கையைத் தடவிக்கொண்டா.
மிஸ் பலகையை அவசரமாக அழித்தா,
"இது சோதனைக்கு வராது."

காரைநகர் ஜெனோஷனுக்குக் கால் குளிர்தல் விளங்கவில்லை.
"லண்டனில எப்பிடியும் குளிரும்தானே?"
அவனுடைய முடிவெல்லாம் முடிந்த கதை.
தகப்பனின் லாண்ட்மாஸ்ரர் ஈட்டில் நிற்கிறது.
கடுதாசியில் சீல் குத்தியது நான்.

லீசிங் கம்பனியில் எனக்குப் பதினொரு வருடம்.
வருகிற மாதம் சுன்னாகம் கிளைக்கு மனேஜர்.
அந்தக் கடிதம் ஹாண்ட்பாக்கில்,
லெஸ்ரரிலிருந்து வந்த விசாப் படிவத்துக்குள்
மடிந்து கிடக்கிறது.
சோதனை பாஸ் பண்ணினால் படிவம் போகும்.
பாஸ் பண்ணாமல் விடலாம் என்றும் யோசித்தேன்.
தெரிந்த விடையைப் பிழையாக எழுத
எனக்குக் கை வராது.

நித்திரை கொண்டு பார், என்கிறது பதினாலாவது.
மூன்று வருடமாய்க் கொள்கிறேன்.
விடிய எழும்பித் தலையணையைத் தூக்கினால்
தோட்டின் சுரைதான் கிடக்கிறது.

படம் முடிந்தாலும் முடிவு,
ஆள் முடிந்தாலும் முடிவு,
போவதா நிற்பதா என்பதும் முடிவு.
எங்களிடம் எல்லாத்துக்கும் ஒரே சொல்.
இங்கிலிஸில் அவை
தெருவில் கண்டாலும் கதைக்காத
வேறு வேறு ஆட்கள்.

வீட்டுவேலை: ஒவ்வொன்றுக்கும் சொந்தமாய் ஒரு வசனம்.
எழுதிக் கொடுத்தேன்,
நான் போவதாய் முடிவு செய்யவில்லை.
வியாழன் கொப்பி திரும்பி வந்தது.
வசனத்தின் வாலில், முற்றுப்புள்ளிக்கு முன்,
சிவப்பில் ஒரு சின்னக் கூரை போட்டு
'யெற்' என்று செருகியிருக்கிறா மிஸ்.
இன்னும் என்று கருத்தாம்.
நான் எழுதியதில் இன்னும் இருக்கவில்லை.

எட்டு மணிக்கு வட்ஸ்அப்பில் சுகிர்தன்.
அங்கே வெயில். முதுகுக்குப் பின்னால்
சலவை மெசின் சுற்றுகிறது.
"என்ன முடிவு?"
நான் இங்கிலிஸில் சொன்னேன்.
யெற் இல்லாமல்.
மெசின் ஒரு தரம் நின்று மறுபக்கம் சுற்றத் தொடங்கியது.
லைன் இழுக்குதாக்கும் என்று நினைத்தேன்.
பிறகு சிரித்தார்.
"உச்சரிப்பு நல்லா வந்திட்டுது.
சரி, இப்ப தமிழில சொல்லும்."